சிவப்புத் தலைக்குப் பாதிப் பங்கு

அந்த நீளப் பையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாய்த்து வையுங்கள் சார். ஏறுகிறவன் எவனாவது மிதித்தால் நுனி போய்விடும். நுனி போனால் தூண்டில் ராடு போச்சு. மிச்சத்தை வைத்து மாடு மேய்க்கலாம்.

ராடுதானே? பையைப் பார்த்ததுமே தெரிந்தது. ஏழடி, இரண்டு துண்டு. கொடுவாவுக்குத்தானே வாங்கினீர்கள்? எல்லோரும் கொடுவாவுக்குத்தான் வாங்குகிறார்கள். பிடிப்பது கெளுத்தி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

கால் பார்த்து. அந்த ஐஸ் பெட்டி என்னுடையது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். சென்னை போய்ச் சேர இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது.

லூர், அதுதான் மீனை ஏமாற்றுகிற பொம்மை மீன், என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? காட்டுங்கள், சும்மா பார்க்கிறேன். ம். இது பச்சை முதுகு, சரி. இது வெள்ளி, அதுவும் சரி. இது என்ன நிறம்? இப்படி ஒரு மீனை நான் எந்தத் தண்ணீரிலும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டு வாசலில் தொங்குகிற சீரியல் பல்பு மாதிரி இருக்கிறது. "இதுதான் சார் இப்ப ஓடுது" என்று கடைக்காரன் சொல்லியிருப்பான். ஓடுவது கடையில். தண்ணீரில் இல்லை.

சிவப்புத் தலை, வெள்ளை உடம்பு, அதில் ஒன்றுகூட வாங்கவில்லையா? அடடா.

இதை இப்படிக் கையில் கொடுங்கள். அட்டையில் பதினான்கு கிராம் என்று போட்டிருக்கிறதா? பன்னிரண்டரைக்கு மேல் இருக்காது. எப்படிச் சொல்கிறேன் என்கிறீர்களா? முப்பத்தோரு வருடம் அதுதான் சார் என் உத்தியோகம். கடைகளில் எடைக்கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை போடுகிற இன்ஸ்பெக்டர். பெயர் தெய்வசிகாமணி. படிக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியவன், தட்டுக்குக் கீழே புளியை ஒட்டியவன் எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. என்னை ஒருவரும் ஏமாற்ற முடிந்ததில்லை.

ஒருத்தி ஏமாற்றினாள். ஒரு பருவம் முழுக்க ஏமாற்றினாள். அவளிடம்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். நியாயம் கேட்க.

எங்கள் ஊர் மரக்காணத்துக்குத் தெற்கே. உப்பங்கழி கடலில் சேருகிற இடத்தில் இரண்டு பாலம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். புதுப் பாலத்தில் பஸ் போகும். பழைய பாலத்தில் நாங்கள் நிற்போம். நாங்கள் என்றால் நானும் டெய்லர் தசரதனும். என் மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. நான் ஓய்வு பெற்றதும் பெங்களூரில் இருக்கிற மகன் ஒரு ராடு அனுப்பினான். "சும்மா சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காராதீங்கப்பா" என்று ஒரு சீட்டும் வைத்திருந்தான். ஒரு வேலையை எடுத்தால் முறையாகச் செய்கிறவன் நான். தாய்லாந்துக்காரர்கள் கொடுவா பிடிக்கிற வீடியோவெல்லாம் பார்த்தேன். பாஷை புரியாது. மீனுக்கும்தான் புரியாது. ஆறே மாதத்தில் அறுபத்து நான்கு லூர் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் வீட்டுத் தராசில் நிறுத்து, சரி பார்த்ததற்கு அடையாளமாகச் சூடான ஊசியால் வயிற்றில் மூன்று புள்ளி வைத்துவிடுவேன். பழக்க தோஷம்.

தசரதன் உயிர் இறால் கட்சி. ஒரு தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தங்கூஸ் நரம்பு, ஒரு முள், ஒரு ஈயக்குண்டு. அவ்வளவுதான் அவன் கடை. என் லூரை அவன் லூர் என்றே சொல்ல மாட்டான்.

"என்னண்ணே, உங்க பொம்மை இன்னைக்கு என்ன சட்டை போட்டுக்கினு வந்திருக்குது?"

"சிவப்புத் தலை."

"கழுத்துல காலர் வச்சிருக்கலாமே."

டெய்லர் புத்தி. விடுங்கள்.

பழைய பாலத்துக்கு ஐந்து தூண். மூன்றாம் தூணில்தான் தண்ணீர் சுழித்துக்கொண்டு திரும்பும். அதன் நிழலில்தான் கொடுவா நிற்கும். நின்ற இடத்திலேயே நின்று, எதிரே அடித்து வருகிற மடவைக் குஞ்சை வாயைத் திறந்து உறிஞ்சும். ஆகவே லூரைத் தூணை உரசினாற்போல் போட வேண்டும். ஒரு முழம் தள்ளிப் போட்டால் பயனில்லை. தூணெல்லாம் ஆளிச் சிப்பி, கத்தி மாதிரி. ஒரு விரற்கடை கூடினால் லூர் சிப்பியில் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் நரம்பு அறுந்துவிடும். போன ஐப்பசியில் மழை பெய்து முகத்துவாரம் திறந்த முதல் வாரமே என் சிவப்புத் தலை அங்கே மாட்டி அறுந்தது.

"பொம்மை குளிக்கப் போயிருக்குது" என்றான் தசரதன்.

இப்போது பூங்காவனம் வருகிறாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிருக்கும். தனி ஆள். புருஷன் போய் ரொம்ப நாளாகிறது. தண்ணீர் வற்றுகிற நேரத்தில் தூண்களில் ஏறி, இரும்பால் ஆளியைப் பெயர்த்து, அலுமினியக் கூடையில் போட்டுக்கொண்டு பாலத்து மேல் நடந்து போவாள். அதுதான் அவள் பிழைப்பு. அதற்கு முன் மீன் விற்றுக்கொண்டிருந்தாள், இருபது வருடம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வரும்.

ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் கூடையை இறக்கினாள்.

"இன்ஸ்பெக்டரய்யா, உங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கறேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சிவப்புத் தலை.

"எங்கே கிடைச்சுது?"

"வருது."

"எங்கிருந்து?"

"வர்ற எடத்துலருந்து. வேணுமா வேணாமா?"

வாங்கிச் சோதித்தேன் சார். சும்மா விடுவேனா? என்னுடையதற்கு இரண்டு கண் இருந்தது. இதற்கு ஒரு கண்தான். ஆகவே என்னுடையது இல்லை. வயிற்றில் என் மூன்று புள்ளி இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாக அந்த இடத்தில் ஆழமாக ஒரு கீறல். புரிந்துவிட்டது. ஏற்கெனவே பெரிய கொடுவா ஒன்று கடித்த லூர் இது. பல் தடம்.

"கொடுவாவுக்கு ஏதுண்ணே பல்லு? வாய்க்குள்ள உப்புத்தாள் மாதிரி இருக்கும், அவ்ளோதான்" என்றான் தசரதன்.

"பெரிய கொடுவாவுக்கு இருக்கும்" என்றேன்.

வீட்டில் நிறுத்துப் பார்த்தேன். பன்னிரண்டரை கிராம். அறுந்துபோன என்னுடையதும் அவ்வளவுதான். அதே கம்பெனி, அதே திருட்டு.

காசு கொடுத்தபோது அவள் வாங்கவில்லை. "காசு எனுக்கு எதுக்கு? பொம்மை என்னுது, கை உங்களுது. மாட்டுனா பாதி" என்றாள்.

அது அவர்கள் வழக்கம். கடலுக்குப் போகிறவர்கள் பிடித்த மீனைப் பங்கு வைக்கும்போது படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆளுக்குப் பிரிப்பார்கள். வலைக்குச் சொந்தக்காரன் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும் வலைப்பங்கு வீடு தேடிப் போய்ச் சேரும். அதில் எவனும் கை வைக்க மாட்டான். வைத்தால் கடல் சோறு போடாது என்பார்கள். பொம்மையும் வலைதானே என்பது பூங்காவனத்தின் வாதம். வாதத்தில் குற்றம் சொல்ல முடியவில்லை. சரி என்றேன். கெசட்டில் பேர் வந்த ஆசாமி ஒரு ஒற்றைக்கண் பொம்மைக்குப் பங்காளி ஆனேன்.

பன்னிரண்டு நாள் போட்டேன். ஒன்றும் தொடவில்லை. சாயங்காலம் ஆனால் கூடையோடு வந்து நிற்பாள்.

"இன்னா இன்ஸ்பெக்டரய்யா, என் வலை தூங்குதா?"

"தண்ணீர் கலங்கல்."

மறுநாள், "முழிச்சிக்கிச்சா?"

"காற்று வாடையாக இருக்கிறது."

தசரதன் பக்கத்தில் நின்று கெளுத்தியாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். அதுதான் பொறுக்க முடியாதது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு கிலோவில் ஒரு கொடுவா வாங்கினேன். இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். அதைச் சரிபாதியாக அறுத்தேன். தலைப்பக்கம் எலும்பு கனம், அதனால் நடுவில் வெட்டினால் பாதி ஆகாது. இரண்டு விரல் முன்னால் தள்ளி வெட்டினால்தான் தராசு நேரே நிற்கும். தலைப் பாதியை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் குடிசை வாசலுக்குப் போனேன்.

"மாட்டிச்சு" என்றேன்.

அவள் இலையைப் பிரித்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணை விரலால் அழுத்தினாள்.

"நல்லா ஜில்லுன்னு இருக்குதே."

"ஆழத்து மீன்."

"மூணாந்தூண் கிட்ட ஒண்ணரை ஆள் ஆழந்தானே?"

"குளிர்காலம் இல்லையா."

"ஆமா ஆமா. குளிர்காலந்தான்." அப்புறம், "ஒடம்புல வலை வரியாட்டம் வரி வரியா இருக்குது?"

"தூணில் உரசியிருக்கும்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருமுகிற மாதிரி சத்தம் கேட்டது. சளி பிடிக்கிற உடம்பு அவளுக்கு. தண்ணீரிலேயே நிற்கிறாள், பாவம்.

நம்பிவிட்டாள் சார். இருபது வருடம் மீன் விற்றவளை மார்க்கெட்டு மீனை வைத்து நம்ப வைப்பது என்றால் லேசா? எனக்கே என்னைப் பார்த்துக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் நெஞ்சில் முள் மாதிரி ஒன்று நின்றது. ஐந்து கிராம் குறைந்ததற்கு அபராதம் போட்ட கை இது. இந்தக் கை பொய்ப் பங்கு கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த லூரிலேயே ஒரே ஒரு நிஜக் கொடுவா பிடித்து, அதில் பாதியை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் பொய் நேராகிவிடும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

மறுநாள் தூக்குச்சட்டியோடு வந்தாள். "பாதி மீனு ஒருத்திக்கு அதிகம்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். கொடுவாத் தலைக் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல். அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. மறுநாள் மிச்சத்தைச் சாப்பிடும்போது அது தூக்கல் இல்லை, அதுதான் அளவு என்று தெரிந்தது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குக் கொடுவா மாட்ட ஆரம்பித்தது.

"அது இன்னாண்ணே, மார்க்கெட்டு இருக்கற நாளாப் பாத்து மாட்டுது?" என்று தசரதன் கேட்டான்.

"அன்றைக்குப் படகு போகாது, தண்ணீர் அமைதியாக இருக்கும்" என்றேன். பையன் தன் தூண்டில் பக்கம் திரும்பிக்கொண்டான். பையன் என்றால் அவனுக்கும் ஐம்பத்து நாலு.

சிவப்புத் தலை அந்தப் பருவத்தில் ஐந்து தரம் அறுந்தது சார். ஐந்து தரமும் அவள் வேறொன்று கொண்டுவந்து தந்தாள். விசேஷம் என்னவென்றால் எல்லாமே ஒற்றைக்கண். கம்பெனியில் ஏதோ ஒரு நாள் வேலையில் கவனக்குறைவு, அந்தப் பெட்டி முழுக்க இவள் கைக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். ஒன்றில் மட்டும் தலைச் சிவப்பு புதிதாகப் பளபளத்தது. மோந்து பார்த்தேன். பெண்பிள்ளைகள் விரலுக்குப் போடுகிற நகப்பூச்சு வாசம். வாசனை லூர் வந்துவிட்டது என்று வீடியோவில் பார்த்திருந்தேன்.

சிரிக்காதீர்கள். நீங்கள் மட்டும் சீரியல் பல்பு வாங்கவில்லையா?

தை அமாவாசைக்கு மறுநாள். மதியம் இரண்டு மணி வாக்கில், கண்ணாடிக் கூட்டைப் பாலத்தில் விட்டுவிட்ட ஞாபகம் வந்து எடுக்கப் போனேன். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. மூன்றாம் தூணருகே கழுத்தளவில் பூங்காவனம் நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் எண்ணினேன். எண்ணுவது பழக்கம். நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று வரை ஒரு தலையும் மேலே வரவில்லை சார். பாலத்துக் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். அப்புறம் வந்தாள். பல்லுக்கிடையில் என் சிவப்புத் தலை. முன்கையில் ஆளி கிழித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பாறையில் ஏறி உட்கார்ந்து, இரும்பு முனையால் அதன் வயிற்றைச் சுரண்டினாள். இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துத் தலைக்குச் சாயம் தீட்டினாள். ஊதி ஊதிக் காய வைத்தாள்.

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. பருவம் முழுக்க என் லூரையே எனக்குக் கொடுத்திருக்கிறாள். என் சொந்தப் பொருளுக்கு நான் வலைப்பங்கு கட்டியிருக்கிறேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

பிடித்தீர்களா என்கிறீர்களா? இல்லை. சாட்சி இல்லாமல் சோதனை போடக்கூடாது, அது துறை விதி. சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன். அன்று சாயங்காலம், "உங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கறேன்" என்று வந்தாள். வாங்கிக்கொண்டேன். ஏன் என்றால், ஒரு தரம் செய்தால் அது தவறு, திரும்பத் திரும்பச் செய்தால்தான் வழக்கு பலப்படும். ஆகவே தொடர விட்டேன். மறுநாளே மரக்காணம் போய்த் தடியான கையுறை ஒரு ஜோடி வாங்கி வந்து கொடுத்தது வேறு விஷயம். "ஆளி வெட்டினால் சீழ் வைக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். வழக்கில் உள்ளவள் நல்ல உடம்போடு இருக்க வேண்டாமா?

கையுறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"என் கைய எப்ப பாத்தீங்க?"

"பொதுவாகச் சொன்னேன்."

"பொதுவா" என்று அவளும் சொல்லிக்கொண்டாள். போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. அளவு எனக்குக் கண்ணிலேயே தெரியும்.

மாசி பிறந்ததும் ஒரு நாள் கூடை இல்லாமல் வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், அரக்கு நிறம். கையில் ஒரு பிஸ்கட் டப்பா.

"பழவேற்காட்டுக்குப் போறேன். பொண்ணு நண்டுக் கம்பெனியில வேலைக்குப் போறா, புள்ளைங்களப் பாத்துக்க ஆளில்ல. வீட்டக் காலி பண்ணியாச்சு."

தசரதன் தூண்டிலைச் சுற்றிக்கொண்டு நாலு எட்டுத் தள்ளிப் போய்விட்டான். அவனுக்கு எப்போதும் அந்த நேரத்தில்தான் வேறு வேலை வரும்.

டப்பாவைத் திறந்தேன். பத்தொன்பது லூர். பருவம் முழுக்க அந்தப் பாலத்தில் நான் விட்டது அத்தனையும், கடைசியாக அறுந்த சிவப்புத் தலை உட்பட. எல்லாவற்றிலும் துருப்பிடித்த முள்ளைக் கழற்றிவிட்டுப் புது முள் மாட்டியிருந்தாள். நாலு மாதமாக என்னிடம் பொய் சொன்னவள் எதற்காகப் புது முள் மாட்டிக் கொடுக்க வேண்டும்? யோசித்துப் பார்த்தேன், இன்னும் பிடிபடவில்லை. வியாபாரத் தந்திரமாக இருக்கலாம்.

நியாயம் கேட்க அதுதான் சமயம். கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது என்னவோ, "அப்போ பங்கு?" என்பதுதான்.

"பங்கு பங்குதான். சிவப்புத் தலையில மாட்டுனா பாதி. நான் எங்க இருந்தாலும் வந்து சேரணும்." கொஞ்ச தூரம் போனவள் திரும்பினாள். "ஆனா ஜில்லு மீனு போதும் இன்ஸ்பெக்டரய்யா. தின்னுத் தின்னு அலுத்துப் போச்சு. துடிக்கிற மீனா ஒண்ணு புடிங்க."

குளிர்கால மீன் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். நான்தான் சொன்னேனே, சளி.

"அங்கயும் ஒரு பாலம் இருக்குது. தூணெல்லாம் ஆளி" என்றாள்.

"நல்லதாப் போச்சு, உனக்கு வேலை கிடைக்கும்" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள். அப்புறம் பஸ் வந்துவிட்டது.

அதன் பிறகு நாற்பது நாள். தினமும் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுவா மாட்டுவது நின்றுபோனது. தசரதனும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டான்.

"அண்ணே, அந்தம்மா இருந்தப்போ வாரத்துக்கு ஒண்ணு தூண்ல மாட்டி அறுத்துக்கினு இருந்தீங்க. அது போனப்புறம் ஒண்ணுகூட மாட்டலயே. ஏன்?"

"வீசுவதில் கை தேறிவிட்டது" என்றேன்.

"நாலு மாசமாத் தேறாத கை அந்தம்மா பஸ் ஏறுன அன்னைக்கே தேறிடிச்சா?"

"ஒரு கலையில் முன்னேற்றம் அப்படித்தான். திடீரென்று வரும்."

"ஆமாண்ணே" என்றான். அவன் ஆமாம் என்று சொன்னால் எனக்குப் பிடிக்காது.

உண்மையில் தேறித்தான் இருந்தது. முன்பெல்லாம் வீசிவிட்டுப் பாலத்துக் கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கூடைச் சத்தம் கேட்கிறதா என்று. கூடை வந்தால் லூரைப் பற்றி ஏதாவது தகவல் கிடைக்கும், அதற்காக. இப்போது பார்க்க ஒன்றும் இல்லாததால் தூணையே பார்த்துப் போட்டேன். ஒரு விரற்கடை கூடாமல் குறையாமல் விழுந்தது.

இன்றைக்குக் காலையில், விடிந்து சூரியன் ஒரு சாண் ஏறியிருக்கும். கடல் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. பழைய ஒற்றைக்கண் சிவப்புத் தலையைக் கட்டியிருந்தேன். மூன்றாம் தூணின் நிழலில் போட்டு, ரீலை இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்தினேன். நிறுத்த வேண்டும் சார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற லூரைக் கொடுவா பார்க்கும், நிற்கிற லூரைத்தான் அடிக்கும். கையில் ஒரு தட்டு. கதவைத் தட்டுகிற மாதிரி இல்லை, கதவையே உடைக்கிற மாதிரி. ரீல் கத்தியது. தண்ணீர் கிழிந்து மேலே வந்தது மீன், தலையை இப்படியும் அப்படியும் உதறிக்கொண்டு. கண் இரண்டும் தணல்.

"அண்ணே, விட்டுப் புடிங்க. தூணுக்குள்ள போவ விடாதீங்க" என்று தசரதன் தன் பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

அதன் செவுள் மூடி பிளேடு மாதிரி. அதற்காகத்தான் நுனியில் ஒரு முழம் கெட்டித் தங்கூஸ் போடச் சொல்வது. நீங்கள் போட்டிருக்கிறீர்களா? போடுங்கள். கால் மணி நேரம் இழுபறி. கீழே படிக்கட்டு வரை கொண்டுவந்துவிட்டேன், அள்ள வலை இல்லை. வலை எதற்கு இருக்கும்? இத்தனை நாளில் தேவைப்படவே இல்லையே. தசரதன் யோசிக்கவில்லை. லுங்கியை அவிழ்த்து இரண்டு முனையையும் பிடித்துத் தண்ணீரில் இறங்கி அள்ளிவிட்டான். உள்ளே அரை டிராயர் இருந்தது, அவனே தைத்தது.

படிக்கட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மீன் லுங்கிக்குள் துடித்துக்கொண்டிருந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது சார்.

"அப்ப லுங்கிக்கு ஒரு வலைப்பங்கு வருதுல்ல?" என்றான்.

"நியாயம்தான்."

"என் பங்கையும் அந்தம்மாகிட்டயே குடுத்துடுங்க. எனுக்குக் கெளுத்தி போதும்."

ஐந்து கிலோ முந்நூற்று நாற்பது. பாதி என்றால் இரண்டு கிலோ அறுநூற்று எழுபது. இதோ பையில் கத்தி இருக்கிறது, கைத்தராசும் இருக்கிறது. ஏன் இன்னும் வெட்டவில்லை என்கிறீர்களா? வெட்டினால் ஐஸ் தண்ணீர் சதைக்குள் இறங்கிவிடும், அதனால்தான். வேறு காரணம் இல்லை. என் பாதியை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவதும் நன்றாக இருக்காது. "அங்கயே கொழம்பு வச்சுத் தின்னுட்டு வாங்களேன்" என்கிறான் தசரதன். "ஒரு வேளைக்கு அஞ்சு கிலோ தின்ன முடியாது, நாலு நாள் ஆவும்" என்கிறான். அவன் பேச்சை விடுங்கள்.

இந்தச் சட்டையா? அவன் தைத்ததுதான். மீனை ஐஸில் வைத்துக்கொண்டிருக்கும்போது தன் கடைக்குள் போய்க் கொண்டுவந்து நீட்டினான். அளவே எடுக்கவில்லை, மடித்துத் தேய்த்துத் தயாராக இருந்தது.

"இதை எப்போடா தைத்தாய்?"

"போன மாசமே தச்சிட்டேண்ணே. மீனுதான் லேட்டு."

ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது சார். துடிக்கிற மீன் வேண்டும் என்று சொன்னாள். சென்னையில் பஸ் மாறிப் பழவேற்காடு போய்ச் சேர மாலை ஆகிவிடும், ஐஸ் இல்லாமல் எப்படிக் கொண்டுபோவது? போய்ச் சேரும்போது இதுவும் ஜில்லென்றுதான் இருக்கும். கண் வெளுத்துவிடும். அவள் சந்தேகப்பட மாட்டாள். ஒரு தரம்கூடச் சந்தேகப்பட்டதில்லை. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, லூரை அதன் வாயிலிருந்து எடுக்காமலே வைத்திருக்கிறேன். சிவப்புத் தலை, ஒற்றைக்கண், வயிற்றில் அவள் இரும்புத் தடம். மார்க்கெட்டில் எந்த மீனுக்கு வாயில் லூர் இருக்கிறது, சொல்லுங்கள். பாருங்கள் கூத்தை. பொய் மீன் கொடுத்த நாளில் ஒரு அத்தாட்சியும் தேவைப்படவில்லை. நிஜ மீனுக்கு அத்தாட்சி கட்டிக்கொண்டு போகிறேன்.

கொடுத்துவிட்டு, அப்புறம்தான் நியாயம் கேட்க வேண்டும். என் லூரை எடுத்து எனக்கே கொடுத்ததற்கு. கண்டிப்பாகக் கேட்பேன். ஆனால் போனவுடனே கேட்பது முறையில்லை. அவள் சாப்பிட்ட பிறகு. அல்லது நாளைக்கு.

மேலே பலகையில் இருப்பதா? ஆமாம், என் ராடுதான். பக்கத்தில் அந்த பிஸ்கட் டப்பாவும் என்னுடையதுதான். மிச்சம் பதினெட்டும் அதில் இருக்கிறது. மீன் கொடுக்கப் போகிறவனுக்கு ராடு எதற்கு என்று தசரதனும் கேட்டான். அங்கேயும் ஒரு பாலம் இருக்கிறதாம் சார். தூணெல்லாம் ஆளியாம்.

காலர் நேராக இருக்கிறதா, கொஞ்சம் பாருங்கள்.